பிணை நிற்றல்

தூத்துக்குடிக் கடற்கரை பண்டுதொட்டு முத்துக்குப் பெயர்பெற்றது. மன்னார் வளைகுடாவின் ஆழத்தே கிடந்த சிப்பிகளை நாடி, இக்கரைவாழ் மக்கள் பன்னூறு ஆண்டுகள் மூச்சடக்கி மூழ்கினர். மூழ்குவோன் ஒருவன், படகின்மேல் நின்று அவனுடைய கயிற்றைப் பற்றிக்கொண்டிருப்போன் மற்றொருவன். கயிறு பிடிப்போன் நீரில் இறங்குவதில்லை. எனினும், மூழ்கியவனுடைய உயிர் அவன் கையிலேயே இருந்தது. கீழிருந்து வரும் குறிப்பறிந்து அவன் காலத்தால் இழுத்தாலன்றி, மூழ்கியவன் மீள்வதில்லை. ஆதலின், தமக்கு மிகவும் உற்றவர் எவரோ அவரிடமே மூழ்குவோர் கயிற்றை ஒப்புவித்தனர். மைத்துனனே கயிறு பிடிப்பது வழக்கம் என இக்கரையோர் இன்றும் கூறக் கேட்கலாம்.

இதனையொத்த ஓர் உறவு நாட்டின் சட்டத்திலும் உண்டு. குற்றம் சுமத்தப்பட்ட ஒருவன் சிறைக்குள் மூழ்கிப் போகாமல், வெளியே நின்று ஒருவர் அவனுக்காகக் கயிறு பிடிக்கின்றார். 'இவன் உரிய நாளில் நீதிமன்றத்திற்கு வருவான். வாராவிடின் இத்தொகைக்கு யான் பொறுப்பு' என்று அவர் எழுதிக் கையொப்பமிடுகின்றார். அவ்வாறு நிற்பதே பிணை நிற்றல், அவர் பிணையாளர், எழுதிக் கொடுத்த ஓலை பிணைமுறி. இப்பாடத்தில் அதன் இயல்பினைக் காண்போம்.

பிணைதல் என்னும் சொல்லுக்கு ஒன்றோடொன்று சேர்தல், கட்டுண்ணுதல் என்பன பொருள். மலர்களைச் சேர்த்துத் தொடுத்த மாலையைப் பிணையல் என்பர். ஒருவனை நீதிமன்றத்தோடு சேர்த்துக் கட்டுவது பிணை. ஆனால், இக்கட்டு இரும்பினால் ஆயதன்று, சொல்லினால் ஆயது. வழக்கில் நாம் பெரிதும் கேட்கும் 'ஜாமீன்' என்பது அரபு மொழியில் தோன்றிப் பாரசீகத்தின் வழியே வந்த சொல்; பொறுப்பேற்பவர் என்பதே அதன் பொருள். இரு மொழியும் பணத்தைச் சுட்டாமல், கட்டையும் பொறுப்பையுமே சுட்டுதல் கருதத்தக்கது.

குற்றம் செய்தான் எனப் பிடிக்கப்பட்ட ஒருவனை ஏன் வெளியே விடவேண்டும் என்று உங்களுள் சிலர் வினவலாம். விடை எளிது. பிடிக்கப்பட்டவன் வேறு; குற்றவாளி என்று தீர்க்கப்பட்டவன் வேறு. கோவலனைக் கள்வன் என்று பொற்கொல்லன் கூறிய மாத்திரத்தே, ஆராயாது கொல்விக்கப் பணித்தான் பாண்டியன். தன் பிழையை அறிந்த பொழுதில் அவன் உயிர் நீத்தான். அப்பொழுது கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியனே பின்னர் மதுரையின் அரசுரிமையை ஏற்றான் என்று சிலப்பதிகாரம் கூறும். அக்கொற்கை நம் தூத்துக்குடி மாவட்டத்து ஊரே. விசாரணைக்கு முன்னே தண்டனை முந்திக்கொண்டால் விளைவது யாது என்பதை, இம்மண்ணோடு தொடர்புடைய அக்கதையே நமக்கு உணர்த்துகின்றது. குற்றம் மெய்ப்பிக்கப்படும்வரை ஒருவனைக் குற்றமற்றவனாகவே கொள்ளவேண்டும் என்பது இக்கால நீதியின் அடிப்படை. அவ்வடிப்படையின்மீது எழுந்ததே பிணை.

இனி, நடைமுறையை வரிசையாக நோக்குவோம். ஒருவனைக் காவலர் கைது செய்தால், கைதுக்குரிய காரணத்தை அவனுக்கு அறிவித்தல் வேண்டும். பயணத்திற்கு ஆகும் நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்திற்குள் அவனை நடுவர்முன் நிறுத்துதல் வேண்டும். இவை நம் அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்பு தரும் உரிமைகள். பிணை பற்றிய விதிகள் 1973 ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்தன. 2024 சூலை முதல் நாளிலிருந்து பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் புதிய சட்டம் அதனிடத்தில் வந்துள்ளது. எண்கள் மாறினவேயன்றி, பிணையின் அடிப்படை பெரிதும் மாறவில்லை.

சட்டம் குற்றங்களை இருவகையாகப் பகுக்கின்றது. ஒருவகை, பிணையில் விடத்தக்க குற்றங்கள். இவற்றில் பிணை கேட்போனுக்கு அஃது உரிமை. அவன் கேட்டுப் பிணை கொடுப்பின் காவல் நிலையத்திலேயே விடுதல் வேண்டும். இவ்வுரிமையைக் கைது செய்த காவலரே அவனுக்கு எடுத்துச் சொல்லக் கடமைப்பட்டவர். மற்றொரு வகை, பிணையில் விடாக் குற்றங்கள் எனப்படும். இப்பெயர் கேட்டுப் பலர் மயங்குவர். இவற்றில் பிணையே கிடையாது என்பது பொருளன்று. உரிமையாகக் கேட்க இயலாது, நீதிமன்றம் ஆராய்ந்து தரலாம் அல்லது மறுக்கலாம் என்பதே பொருள்.

அவ்வாறு ஆராயுங்கால் நீதிமன்றம் நோக்குவன யாவை? இவன் ஓடிப்போவானா? சாட்சிகளை அச்சுறுத்துவானா? சான்றுகளை அழிப்பானா? மீண்டும் குற்றம் புரிவானா? குற்றத்தின் கடுமை எத்தகையது? இவ்வினாக்களை வழக்கால் துன்புற்றோர் பொருட்டும் கேட்டாக வேண்டும். அடியுண்டவனும் பொருளிழந்தவளும் அச்சமின்றிச் சாட்சி சொல்லும் நிலை இல்லையேல், நீதி ஒருபக்கம் சாய்ந்துவிடும். ஆதலின், பிணை சில வேளைகளில் மறுக்கப்படுவதும் நீதியே. நடுவர் மறுத்தால் அமர்வு நீதிமன்றத்தையும், அங்கும் மறுத்தால் உயர்நீதிமன்றத்தையும் நாடலாம். தென்மாவட்டத்தார்க்கு 2004 ஆம் ஆண்டு முதல் மதுரையிலேயே உயர்நீதிமன்றக் கிளை இயங்கி வருகின்றது. கைதுக்கு முன்னரே அச்சமுற்றுக் கோருவது முன்பிணை எனப்படும். மேலும், குற்றத்தின் தன்மைக்கேற்ப 60 அல்லது 90 நாட்களுக்குள் காவலர் குற்றப்பத்திரிகை அளிக்காவிடின், பிணை கொடுக்க முன்வருவோனை விடுவித்தல் வேண்டும்.

பிணை வழங்கப்பட்டது என்று நீதிமன்றம் ஆணையிட்டவுடனே சிறைக்கதவு திறந்துவிடுவதில்லை. ஆணைக்கும் கதவுக்கும் இடையே பிணைமுறி நிற்கின்றது. அதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம்.

தூத்துக்குடிக்கு அருகே மாப்பிள்ளையூரணி என்னும் ஊர் உளது. சுற்றுவட்டாரத்தில் உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. அங்கே நாட்கூலிக்கு உப்பு வாரும் தொழிலாளி ஒருவன் இருக்கின்றான் எனக் கொள்வோம். ஓர் இரவில் தெருச்சண்டையொன்று நிகழ்கின்றது. அவன் பெயரும் வழக்கில் சேர்கின்றது. சண்டையில் அவன் அடித்தானா, விலக்கினானா என்பதை விசாரணைதான் காட்டவேண்டும். அவன் பேரூரணிச் சிறையில் வைக்கப்படுகின்றான். சில நாட்களில் நீதிமன்றம் பிணை வழங்குகின்றது. ஆணையில், அவன் பத்தாயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணைமுறியும், அதே தொகைக்கு இருவர் பிணையும் கொடுக்கவேண்டும் என்று எழுதப்பட்டுள்ளது.

அவன் மனைவி தெருமுனைக் கடைக்காரரிடம் ஓடுகின்றாள். "அண்ணாச்சி, என் வீட்டுக்காரருக்கு நீங்கள் பிணை நிற்கவேண்டும்" என்கின்றாள். அவர் நல்லவர், ஆயினும் தயங்குகின்றார். "பத்தாயிரத்துக்கு நான் எங்கே போவேன், தாயி?" என்கின்றார்.

அவருடைய தயக்கம் அறியாமையால் வந்தது. பிணை நிற்பவர் பொதுவாக அத்தொகையை முன்னதாகக் கட்டவேண்டுவதில்லை. தேவை ஏற்படின் அத்தொகையைச் செலுத்தும் ஆற்றல் தமக்கு உண்டு என்று காட்டினாற் போதும். அதன்பொருட்டுத் தம் அடையாளச் சான்றும், இருப்பிடச் சான்றும், வீட்டு வரிச்சீட்டு அல்லது ஊதியச் சான்று போன்ற ஒன்றும் கொணர்ந்து நடுவர்முன் நிற்பார். தாம் இதற்குமுன் எத்தனை பேருக்குப் பிணை நின்றுள்ளார் என்பதையும் அறிவித்தல் வேண்டும். நீதிமன்றம் மனநிறைவுற்றால் பிணைமுறியை ஏற்கும். விடுதலை ஆணை சிறைக்குச் செல்லும். தொழிலாளி வீடு திரும்புவான். நாள்தோறும் காவல் நிலையத்தில் கையொப்பமிடுதல் போன்ற நிபந்தனைகள் இருப்பின், அவற்றை அவன் வழுவாது காத்தல் வேண்டும்.

உரிய நாளில் அவன் நீதிமன்றத்திற்கு வாராதொழிந்தால் என்ன ஆகும்? பிணைமுறி பறிமுதலாகும். 'தொகையைச் செலுத்துக, அல்லது ஏன் செலுத்தவேண்டுவதில்லை என்பதற்குக் காரணம் காட்டுக' என்று நீதிமன்றம் பிணையாளருக்கு அறிவிப்பு அனுப்பும். தக்க காரணம் இருப்பின் தொகையின் ஒரு பகுதியை நீதிமன்றம் குறைத்தலும் உண்டு. செலுத்தாமலும் காரணம் காட்டாமலும் இருந்தால், அபராதம் தண்டுவதுபோல அது தண்டப்படும். அவ்வாறும் கிட்டாவிடின் பிணையாளர் ஆறு திங்கள்வரை உரிமையியல் சிறையில் இருக்கவும் நேரும். தக்க காரணமின்றி வாராத குற்றவழக்கினனுக்கோ அதுவே தனிக்குற்றமாகி, ஓராண்டுவரை சிறை தரும். பிணை நின்றவர் தம் பொறுப்பினின்று நீங்க விரும்பினால், நீதிமன்றத்தில் விண்ணப்பித்து நீங்கலாம். அப்பொழுது மற்றவன் வேறு பிணையாளரைத் தேடுதல் வேண்டும். வழக்கு முடிவுற்றால் பிணையும் முடிவுறும்.

இதனால், பிணை ஒரு விலையன்று என்பது பெறப்படும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பல மாநிலங்களில் பிணை நிற்பதையே வாணிகமாகக் கொண்டோர் உளர். பிணைத்தொகையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை அவர்கள் கூலியாகப் பெறுவர். குற்றமற்றவன் என்று தீர்ப்பு வந்தாலும் அக்கூலி திரும்புவதில்லை. அங்கும் இதனை எதிர்த்துக் குரல்கள் எழுந்தன; இல்லினாய் மாநிலம் 2023 ஆம் ஆண்டில் பணப்பிணையையே ஒழித்தது. நம் நாட்டில் அத்தகைய வாணிகத்திற்குச் சட்டம் இடந்தரவில்லை. தனக்குப் பிணை நின்றவருக்கு நட்டம் வந்தால் தானே ஈடுசெய்வதாக வழக்கினன் செய்துகொள்ளும் ஒப்பந்தம்கூடச் செல்லாது. ஏனெனில், தனக்கு இழப்பில்லை என்று அறிந்த பிணையாளர் கயிற்றை இறுகப் பிடிக்கமாட்டார்.

ஆயினும், பிணை பலருக்கு விலையாகவே மாறிவிடுகின்றது என்பதை மறைத்தல் கூடாது. செல்வன் பிணையாளரை நொடியில் பெறுகின்றான். கூலியாளனுக்கு வரிச்சீட்டு உடைய உறவினர் எங்கே? வாடகைக் குடிசையில் வாழ்வோருக்கு வீட்டு வரிச்சீட்டு ஏது? அவனுக்காக நீதிமன்றம் வரும் அயலான் தன் ஒருநாட் கூலியை இழக்கவேண்டும். இங்ஙனம், பிணை கிடைத்தும் பிணையாளர் கிடைக்காமல் சிறையிலேயே இருப்போர் உளர். அவர்களை அங்கே வைத்திருப்பது குற்றமன்று, வறுமையே.

இக்கொடுமையை நம் உச்சநீதிமன்றம் 1978 ஆம் ஆண்டில் ஒரு வழக்கில் எடுத்துக்காட்டியது. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த மோத்திராம் என்பவர் கொத்தனார். அவரைப் பிணையில் விட உச்சநீதிமன்றமே ஆணையிட்டிருந்தது. கீழ்நீதிமன்ற நடுவரோ பத்தாயிரம் ரூபாய்க்குப் பிணை கேட்டார். கொத்தனாரின் தமையனோ தம்பியோ பிணை நிற்கவந்தபோது, அவரும் அவர் சொத்தும் வேறு மாவட்டத்தைச் சார்ந்தவை என்று கூறி மறுத்தார். வழக்கு மீண்டும் உச்சநீதிமன்றத்திற்குச் சென்றது. நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் அதனை விசாரித்தார். தமிழர் ஒருவர் வடபுலத்தில் தொலைவான ஓர் ஊரில் கைதானால், அவ்வூரிலேயே சொத்துடைய பிணையாளரை எங்ஙனம் தேடுவார் என்ற கருத்துப்பட அவர் வினவினார். நாடு முழுதும் ஒன்றாயிருக்க, மாவட்ட எல்லை பிணைக்குத் தடையாதல் தகாது என்று தீர்ந்தார். ஆயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணைமுறி எழுதிக்கொண்டு மோத்திராமை விடுமாறு ஆணையிட்டார்.

மறு ஆண்டே, 1979 இல், ஹுசைனாரா கத்தூன் வழக்கு வந்தது. பீகார்ச் சிறைகளில் விசாரணை முடியாமலே பல்லாண்டு கிடந்த ஏழைகளைப் பற்றிச் செய்தித்தாளில் வந்த கட்டுரைகளைக் கண்டு, வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி உச்சநீதிமன்றத்தை நாடினார். அவர்களுட் சிலர், குற்றம் மெய்ப்பட்டாலும் அடையக்கூடிய தண்டனையைவிட நெடுங்காலம் சிறையில் கழித்துவிட்டனர்! நீதிபதி பி. என். பகவதி தலைமையில் அமர்ந்த ஆயம், அத்தகையோரைச் சொந்தப் பிணைமுறியின்மேல் விடுவித்தது. ஒருவனுடைய தொழில், குடும்பம், ஊரில் அவனுக்குள்ள வேர் ஆகியவையே அவன் திரும்பி வருவான் என்பதற்கு நல்ல உறுதியாகும். பணம் ஒன்றே உறுதியாகாது என்னும் கருத்து இவ்வழக்குகளால் வலுப்பெற்றது.

அதன்பின் சட்டமும் சிறிது சிறிதாக இரங்கியது. பிணைத்தொகை வழக்கின் தன்மைக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். அளவிறந்ததாக இருத்தல் கூடாது. இவ்விதி புதியதன்று, அளவிறந்த பிணை கேட்டல் ஆகாது என்று இங்கிலாந்து நாட்டார் 1689 ஆம் ஆண்டிலேயே தம் உரிமைச் சட்டத்தில் எழுதி வைத்தனர். பிணையில் விடத்தக்க குற்றத்தில் கைதானவன், ஒரு வாரத்திற்குள் பிணையாளரைத் தர இயலாதிருந்தால், அவனை ஏழை என்றே கொண்டு, அவனுடைய சொந்தப் பிணைமுறியின்மேல் விடுதல் வேண்டும். விசாரணைக் கைதியாகவே நெடுநாள் கிடப்போர்க்கும் ஒரு வரம்பு உண்டு. குற்றத்திற்குரிய மிகுதியான தண்டனைக் காலத்தில் பாதியைக் கழித்தவர்க்கும், இதற்குமுன் தண்டனை பெறாதவராயின் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தவர்க்கும், பிணை வழங்கப் புதிய சட்டம் வழிசெய்துள்ளது. சாவுத் தண்டனையோ வாழ்நாள் சிறையோ விதிக்கத்தக்க குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகளில் சிக்கியோர்க்கும் இச்சலுகை இல்லை. பிணை ஆணை பெற்றும் ஏழு நாட்களுக்குள் வெளிவாராதவர் எவரேனும் இருப்பின், சிறைக் கண்காணிப்பாளர் அதனை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிற்கு அறிவிக்கவேண்டும் என 2023 ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் பணித்தது. அவ்வாணைக்குழு ஏழைகளுக்கும் சிறையில் உள்ளோர்க்கும் கட்டணமின்றி வழக்கறிஞரை அமர்த்தித் தரும். நம் கதையில் வந்த உப்பளத் தொழிலாளியின் மனைவி இதனை அறிந்திருந்தால், கடைக்காரர் தயங்கினாலும் மனம் கலங்கமாட்டாள்.

பிணையில் மற்றொரு வகையும் உண்டு. அஃது ஒருவன் இனி நன்னெறியில் ஒழுகுவான் என்பதற்குக் கேட்கும் நன்னடத்தைப் பிணை. இவ்விருவகையும் நம் கடற்கரையின் வரலாற்றில் ஒருங்கே வந்து நிற்கின்றன. ஒட்டப்பிடாரத்தில் பிறந்து, தூத்துக்குடியில் வழக்கறிஞராக விளங்கி, 1906 இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்தவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை. 1908 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், ஆங்கில ஆட்சியார் அவர்மீதும் சுப்பிரமணிய சிவாமீதும் பத்மநாப ஐயங்கார்மீதும் நன்னடத்தைக்குப் பிணை கேட்கும் நடவடிக்கை தொடங்கினர். அரசியலில் ஈடுபடுவதில்லை என்று உறுதி கூறி, மாவட்டத்தைவிட்டு அகலுமாறும் அவர்களிடம் கேட்கப்பட்டது. அவர்கள் இசையவில்லை. மார்ச்சு 12 ஆம் நாள் மூவரும் சிறைப்பட்டனர். பின்னர்ப் பிணையில் வெளிவரும் வாய்ப்பு நேர்ந்தபோது, தம் தோழர்களை உள்ளே விட்டுத் தாம் மட்டும் வெளியேற சிதம்பரனார் மறுத்துவிட்டார். அவ்வாண்டு சூலை 7 ஆம் நாள், நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை வாழ்நாள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. 1912 இறுதியில் அவர் விடுதலையுற்றார்.

அவர் சட்டம் அறியாதவரல்லர். எத்தனையோ ஏழைகளுக்காக வழக்காடியவர். பிணை என்பது சொல் கொடுத்தல் என்பதை அவர் நன்கறிவார். காக்க விரும்பாத சொல்லைக் கொடுத்து வெளியேறுவதினும், கொடாமல் உள்ளே இருத்தலே மேல் என்று கருதினார். தோழரைக் கைவிட்டுப் பெறும் விடுதலையையும் விடுதலையாக மதித்தாரில்லை. நாட்டுக்காக அவர் சிறையைத் தாமே தேர்ந்தார். உப்பளத் தொழிலாளியோ தேர்ந்தவனல்லன். பிணையாளர் இன்மையால் அங்கே இருப்பவன். முன்னவர் செயல் நம் வணக்கத்திற்குரியது. பின்னவன் நிலை நம் உதவிக்குரியது. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும்.

மாணவர்களே! நாளை உங்கள் தெருவில் ஒருவர் கைதானார் என்று கேட்டால், அவரைக் குற்றவாளி என்று உடனே முடிவு கட்டாதீர்கள். உங்கள் வீட்டுப் பெரியோரிடம் யாரேனும் பிணை கேட்டு வந்தால், பிணையாளரின் பொறுப்பு யாது, அச்சம் எதற்கு வேண்டும், எதற்கு வேண்டா என்பதை எடுத்துச் சொல்லுங்கள். அறியாதவனுக்காக ஆராயாமல் கையொப்பமிடுதல் பேதைமை. அறிந்தவன் இடருற்றபோது கைவிடுதல் சிறுமை. எவரேனும் உங்களுக்காகப் பிணை நின்றால், அவர் தலையைக் காப்பது உங்கள் வருகையே என்பதை மறவாதீர்கள். கடலுள் மூழ்கியவன் கயிறு பிடித்தவனை நம்பினான். கயிறு பிடித்தவனும் மூழ்கியவன் மீள்வான் என்றே காத்திருந்தான். அவ்விருவர் நம்பிக்கையும் ஒருங்கே நிலைத்தபோதுதான் முத்து கரைக்கு வந்தது.